ஃபுல் கார்பனா, அலாய் ஸ்டீரரா? ரோடு சைக்கிளுக்கு ஃபோர்க் வாங்கும் முன்

முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கவைதான் ஃபோர்க். சைக்கிள் விளம்பரத்தில் "கார்பன் ஃபோர்க்" என்று போட்டிருந்தால் பல நேரம் அது பாதி உண்மை. ஆரம்ப விலையில் கிடைக்கும் அலுமினிய ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இறங்கும் கால்கள் மட்டும்தான் கார்பன் இழை. ஃப்ரேமுக்குள் நுழைந்து மேலே ஹேண்டில்பாரையும் அதைக் குழாயோடு இணைக்கும் ஸ்டெம்மையும் தாங்குகிற ஸ்டீரர் குழாய் அலுமினியம், கடைப் பேச்சில் அலாய் ஸ்டீரர். விலை ஏற ஏற அந்தக் குழாயும் கார்பனாகிவிடும், அதுதான் ஃபுல் கார்பன். ஃபோர்க்கை மாற்றலாம் என்று யோசிக்கிறவருக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஸ்டீல் ஃபோர்க் என்று மூன்றாவது ஆளும் உண்டு, அவரை அப்புறம் பார்ப்போம்.

எல்லோரும் முதலில் கேட்பது எடை. ரிம் பிரேக்குக்கான (சக்கர விளிம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக்) ஃபுல் கார்பன் ஃபோர்க், ஸ்டீரரை வெட்டாத நிலையில், சுமாராக 300 முதல் 400 கிராம் வரும். அலாய் ஸ்டீரர் என்றால் 500 முதல் 650. ஆக வித்தியாசம் 200 கிராம் சொச்சம், பாட்டிலில் இரண்டு மடக்கு குடித்தால் போய்விடுகிற எடை. சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐயின் பந்தயங்களில் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எல்லையை நெருங்கப் பார்க்கிறவருக்கு 200 கிராம் பெரிய விஷயம். பத்து கிலோ சைக்கிளில் ஞாயிறு காலை ஈசிஆரில் மகாபலிபுரம் போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு இதற்காகப் பணம் செலவழிக்க ஒரு காரணமும் இல்லை.

அடுத்த பேச்சு பலம். "ஸ்டீரர் கார்பன் என்றால் ஒடிந்துவிடும், அலாய்தான் பாதுகாப்பு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காப்பி முன்னணிக் குழுவில் கல் பாவிய பாதையில் போய்க்கொண்டிருந்தபோது ஸ்டீரர் ஒடிந்து, ஹேண்டில்பார் கையோடு வர, கீழே விழுந்து தோள்பட்டையில் அடிபட்டார். அந்த ஸ்டீரர் அலுமினியம். இந்த ஒரு சம்பவத்தை வைத்து அலாய் மோசம் என்று முடிவு கட்டவும் முடியாது. இரண்டும் கெட்டுப்போகிற விதம் வேறு வேறு என்பதுதான் விஷயம். அலுமினியத்துக்குச் சோர்வு உண்டு, சின்னச் சின்னச் சுமைகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஒரு நாள் விரிசலாகும். ஆனால் முரட்டுத்தனமாக முறுக்கினாலும் ஓரளவுக்குத் தாங்கும். கார்பன் இழைகள் அவை ஓடும் திசையில் அபாரமான பலம் கொண்டவை, சோர்வும் எளிதில் வராது. பக்கவாட்டில் நசுக்கினால், கூரான விளிம்பு கீறினால், அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கும். ஸ்டெம் செய்கிற வேலையே குழாயைச் சுற்றிப் பிடித்து நசுக்குவதுதானே.

அதனால் ஃபுல் கார்பன் வாங்குகிறவர் கூடவே சில கட்டுப்பாடுகளையும் வாங்குகிறார். அலாய் ஸ்டீரருக்குள் அடித்து இறக்கும் ஸ்டார் நட்டை (மேல்மூடி போல்ட்டைப் பிடிக்கும் பல் வளையம்) கார்பனுக்குள் அடிக்கவே கூடாது, உள்ளே விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக்தான் போட வேண்டும், அதுவும் ஸ்டெம் பிடிக்கிற இடத்துக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். ஸ்டெம் போல்ட்டுகளின் இறுக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான், அதற்கு முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும், கைக்கணக்கு உதவாது. ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் கிரீஸ் தடவக் கூடாது. குழாயை வெட்டும்போது பைப் கட்டரைப் போட்டுச் சுற்றினால் இழைகள் நசுங்கிவிடும், நுண்பல் பிளேடு வைத்து மெதுவாக அறுக்க வேண்டும், மூக்கில் மாஸ்க்கோடு. உங்கள் ஊர் மெக்கானிக்குக்கு இதெல்லாம் பழக்கமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலாயே வாங்குங்கள், தப்பே இல்லை.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கார்பன் ஸ்டீரரில் ஸ்டெம்முக்குக் கீழே எவ்வளவு உயரத்துக்கு ஸ்பேசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் வளையங்கள்) போடலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் ஒரு எல்லை வைத்திருப்பார், பல ஃபோர்க்குகளில் அது 30 மி.மீ. முதுகுவலி, கழுத்துவலி என்று ஹேண்டில்பாரை நன்றாக உயர்த்தி வைத்து ஓட்டுகிறவருக்கு அது போதாமல் போகலாம். அவருக்கும் அலாய் ஸ்டீரர்தான் சரி. பெரிய பிராண்டு என்றால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம்: 2021இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனமே தன் டார்மாக் எஸ்எல்7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது, ஹெட்செட்டின் (ஸ்டீரர் சுழலும் பேரிங் தொகுப்பு) கம்ப்ரெஷன் ரிங், அதாவது அழுத்து வளையம், ஸ்டீரரைச் சேதப்படுத்தி விரிசல் விடவைக்கலாம் என்பதற்காக.

அலாய்க்கு எதிராக நான் சொல்லும் ஒரே குறை உப்பு. அலுமினியமும் கார்பனும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அரிப்பது அலுமினியம்தான். கடலோரச் சாலையில் ஓட்டுகிறவர்களும், வீட்டுக்குள் டிரெய்னரில் வியர்வை சொட்டச் சொட்ட மிதிக்கிறவர்களும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஃபோர்க்கைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

சரி, சொகுசு? கார்பன் ஃபோர்க் போட்டால் ரோடு வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்று விற்பார்கள். விறைப்பான அலுமினிய ஃபோர்க்கிலிருந்து மாறினால் கையில் வரும் சிறு அதிர்வு குறையும், அது நிஜம். ஆனால் 23 மி.மீ. டயரை எடுத்துவிட்டு 28 போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் கிடைக்கிற சொகுசு இதைவிட மிக அதிகம், செலவோ மிகக் குறைவு. சொகுசுக்காக ஃபோர்க் மாற்ற நினைத்தால், உங்கள் ஃப்ரேமிலும் பிரேக்கிலும் 28 நுழையுமா என்று முதலில் பாருங்கள்.

பொருள் எதுவாக இருந்தாலும், அளவு பொருந்தாத ஃபோர்க் வீண். பழைய ஃப்ரேம்களுக்கு ஓர் அங்குல ஸ்டீரர், அதற்குப் பின் வந்தவற்றுக்கு ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மி.மீ. இப்போது வருகிறவை பெரும்பாலும் மேலே 28.6, கீழே ஒன்றரை அங்குலம் என்று கூம்பாக அகலும். கூம்பு ஸ்டீரர் 28.6க்கென்று செய்த நேர்க்குழாய் ஃப்ரேமுக்குள் போகவே போகாது. அப்புறம் ரேக், அதாவது ஸ்டீரரின் மையக்கோட்டிலிருந்து அச்சு எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது. 43, 45, 50 மி.மீ. என்று விற்பார்கள், பார்த்தால் அற்ப வித்தியாசம். ஹெட் டியூப் (ஸ்டீரர் நுழையும் ஃப்ரேம் குழாய்) கோணம் 73 டிகிரி, டயர் 25 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 43 ரேக்குக்கு டிரெயில் (ஸ்டீரர் கோட்டை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 58 மி.மீ. அளவில் வரும், 45க்கு 56, 50க்கு 50. டிரெயில் கூடினால் சைக்கிள் நேர்க்கோட்டில் நிதானமாகப் போகும், குறைந்தால் சட்டென்று திரும்பும். 43க்குப் பதில் 45 போட்டால் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. 43 இருந்த இடத்தில் 50 போட்டால் தெரியும். குட்டை சைஸ் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அவற்றில் கோணம் 71 டிகிரி வரை சாய்ந்திருக்கும், அதை ஈடுகட்டத்தான் 50 ரேக் கொடுத்திருப்பார்கள். அங்கே 43 போட்டால் திருப்பும்போது சைக்கிள் மந்தமாகும், சக்கரமும் கால் விரலுக்கு இன்னும் நெருங்கி வரும்.

ரிம் பிரேக் ஃப்ரேமுக்கு டிஸ்க் ஃபோர்க் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 12 மி.மீ. த்ரூ ஆக்ஸிலுக்கு (சக்கரத்தின் ஊடே நுழையும் தடித்த அச்சு) புதுச் சக்கரம், புதுப் பிரேக், பெரும்பாலும் கூடுதல் உயரத்தால் மாறிப்போகும் ஹெட் கோணம். விட்டுவிடுங்கள்.

ஸ்டீல் எங்கே ஜெயிக்கும் என்றால் முன்னால் பை மாட்டி நீண்ட பயணம் போகிற இடத்தில். பை தாங்கும் கேரியர் மாட்டத் துளை உள்ள ரோடு கார்பன் ஃபோர்க் குறைவு, துளை இல்லாத கார்பன் காலில் கிளாம்ப் போட்டு இறுக்குவது ஆபத்து. ஸ்டீல் ஃபோர்க் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எடை வரும், சுமையோடு போகிறவர் அதைப் பொருட்படுத்தப் போவதில்லை.

கடைசியாக, இணையத்தில் பெயரில்லாமல் பாதி விலைக்கு வருகிற ஃபுல் கார்பன். சீனாவிலோ தைவானிலோ செய்தது என்பது குறையே அல்ல, நல்ல பிராண்டுகளின் ஃபோர்க்குகளும் அங்கேதான் தயாராகின்றன. குழாய்ச் சுவருக்குள் அடுக்குகளில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, இழைகளை ஒட்டும் எபாக்ஸிப் பசையில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது, கெட்டுப்போனால் கேட்க ஆளும் கிடையாது, அதுதான் குறை. பெயரில்லாத கார்பன் பாட்டில் கேஜ் வாங்குங்கள், ஃபோர்க் வேண்டாம். கையில் காசு அவ்வளவுதான் என்றால் அதே விலைக்குத் தெரிந்த பிராண்டின் அலாய் ஸ்டீரர் ஃபோர்க் கிடைக்கும்.

பழையது வாங்குவதாக இருந்தால் ஸ்டெம்மைக் கழற்றி, அது பிடித்திருந்த இடத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். கீறலோ பள்ளமோ தெரிந்தால் வேண்டாம். ஸ்டீரர் ஏற்கெனவே வெட்டியிருக்கும் என்பதால், ஹெட் டியூப், ஹெட்செட், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றின் உயரத்தையும் கூட்டி அளந்துகொண்டு போங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அந்த ஃபோர்க் உங்களுக்கு ஆகாது.