சுற்றுலா போக லேன்ஸ்போரோவா, டெக்கோராவா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து லேன்ஸ்போரோவில் சுமார் 750 பேர்தான். ரூட் ஆற்றங்கரையில், பழைய ரயில் தடத்தின் மேலேயே 67 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ரயில் போன வழி என்பதால் பெரும்பகுதி ஏற்றமே தெரியாது. வாடகை சைக்கிளில் பக்கத்து ஊரான வேலன் வரை மிதித்துப் போய் ரூபார்ப் பை சாப்பிடலாம்: புளிப்புத் தண்டைச் சர்க்கரையோடு மாவுக்குள் பொதிந்து சுட்டது, ஓரமெல்லாம் சிவப்புச் சாறு வழியும்.

பக்கத்து மாநிலமான அயோவாவின் டெக்கோரா பத்து மடங்கு பெரியது. அங்கே டிரவுட் ரன் சைக்கிள் பாதை 18 கிலோமீட்டர் சுற்று. மேட்டில் மூச்சு வாங்கும். ஆனால் அப்பர் அயோவா ஆற்றில், சுண்ணாம்புப் பாறைச் சுவர்களுக்குக் கீழே துடுப்புப் படகு விடுவதற்கு ஈடில்லை. டன்னிங்ஸ் ஸ்பிரிங் அருவியும் ஊரை ஒட்டியே. பீர் பிரியர்களுக்கு டாப்ளிங் கோலியாத் என்ற பீர் ஆலை வேறு.

குழந்தைகளோடு என்றால் லேன்ஸ்போரோ. இல்லையென்றால் நான் டெக்கோரா பக்கம். மழை வந்தாலும் நார்வே குடியேறிகளின் அருங்காட்சியகம் இருக்கிறதே!