ஸ்வீப்பா, பாஸா? நெல்லை வியர்வையில் எது நிற்கும்

தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் சேர்ந்து ஒரு மாதம் ஆனவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். கீழே கிடந்தபடி ஆளைப் புரட்டும் ஸ்வீப்பை முதலில் பழகவா, மேலே இருந்து கால்களைத் தாண்டும் கார்ட் பாஸைப் பழகவா? புள்ளியைப் பார்த்தால் பாஸ்தான் பெரியது. ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி பாஸுக்கு 3, ஸ்வீப்புக்கு 2. இரண்டிலும் நிலையை 3 விநாடி பிடித்துக் காட்ட வேண்டும். ஆனால் க்ளோஸ்ட் கார்டிலிருந்து, அதாவது எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டிய நிலையிலிருந்து, எடுக்கும் நல்ல ஸ்வீப் உங்களை நேராக மவுண்டில் (அவர் மேல் ஏறி உட்காரும் நிலை) கொண்டுபோய் உட்கார வைக்கும். மவுண்டுக்கு 4. ஆக ஒரு புரட்டில் 6 கிடைக்கிறது. ஹாஃப் கார்டிலிருந்து (அவரது ஒரு காலை மட்டும் பூட்டிய நிலை) புரட்டினாலோ அநேகமாக அவருடைய காலுக்குள்ளேயே போய் மாட்டுவீர்கள். அதற்குப் பிறகு ஒரு பாஸ் தனியாகத் தேவைப்படும்.

எங்கள் கணிப்பில் ஸ்வீப்தான் முதலில். ஆறு மாதம் பழகிய யாரும் புதியவரைக் கீழே போட்டுவிடுவார்கள். அங்கே செய்ய ஒன்றும் தெரியாவிட்டால் ஒவ்வொரு ரவுண்டும் மூச்சுப் பிடித்துக் கிடப்பதாகவே முடியும். கபடி ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நெல்லைப் பக்கம் அப்படி வருகிறவர்கள் நிறைய. அவர்களுடைய தாழ்ந்த நிலையும் கணுக்கால் பிடியும் பாஸுக்கு முதல் நாளே உதவும். சிக்கல் கீழே விழுந்தபின்தான். பிடிபட்டதும் குப்புறத் திரும்பி நடுக்கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போவது கபடியில் சரி. இங்கே அப்படித் திரும்பினால் முதுகைக் கொடுத்துவிட்டீர்கள், எதிராளிக்கு 4 புள்ளி. மல்லாந்து கிடந்தே வேலை செய்யும் பழக்கம் அவர்களுக்குத்தான் அவசரமாகத் தேவை.

கத்தரி ஸ்வீப்பா, ஹிப் பம்பா?

கத்தரி ஸ்வீப் கி (தடித்த சட்டையும் பேன்ட்டும் கொண்ட உடை) அணிந்து ஆடும்போது அருமையான ஆயுதம். வலது கை அவரது வலது காலரில் ஆழமாக, இடது கை அவரது வலது சட்டைக் கையில். இடுப்பை வெளியே நகட்டி இடது விலாவில் சாய்ந்து, வலது முழங்காலை அவர் வயிற்றுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். இடது கால் அவரது வலது முட்டியை ஒட்டித் தரையில் கிடக்கும். காலரை இழுத்து அவர் பாரம் உங்கள் வலது காலின் மேல் ஏறிய பிறகே மேல்கால் தள்ள, கீழ்கால் வெட்ட வேண்டும். அவர் உங்கள் இடப்பக்கம் சாய்வார். ஊன்ற வேண்டிய வலது கை உங்கள் பிடியில் இருக்கும்.

பத்தில் எட்டுப் பேர் தவறுவது பாரம் ஏற்றும் இடத்தில்தான். எதிராளி குதிகாலில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு வெட்டினாலும் அவர் அசைய மாட்டார். ‘கால் பலம் போதவில்லை’ என்று நினைத்து இன்னும் வேகமாக உதைப்பது வீண். அடுத்த தவறு, மல்லாந்தபடியே செய்வது. முதுகு தரையில் தட்டையாக இருந்தால் கத்தரி திறக்காது. ஓரத்திலிருந்து “இடுப்ப நகட்டுலே!” என்று கத்துவது இதற்குத்தான். அவர் வலது முட்டியை அகலமாக விரித்து ஊன்றிக்கொண்டால் கீழ்காலால் வெட்டாமல், பாதத்தை அந்த முட்டியில் வைத்துப் பின்னால் தள்ளிவிடுங்கள். பிடிகள் அப்படியே இருக்கட்டும்.

ஹிப் பம்ப் இதற்கு நேர் எதிர். எதிராளி நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். பூட்டைத் திறந்து, வலது கையைப் பின்னால் ஊன்றி எழுந்து உட்காருங்கள். இடது கை அவரது இடது தோளுக்கு மேலாகப் போய் மேல்கையை இறுக்கட்டும். இடது பாதத்தால் தரையை உதைத்து, இடுப்பால் அவர் வயிற்றில் மோதி, வலப்பக்கமாகத் திரும்புங்கள். கையால் இழுத்துப் புரட்டப் பார்த்தால் தோற்பீர்கள்; மோதுவது இடுப்பு. அவர் விழாமல் இடது கையைத் தரையில் ஊன்றினால் அந்தக் கையே கிமுராவுக்கு (தோளை முறுக்கும் பூட்டு) கிடைக்கிறது. தலையைக் குனிந்து முன்னால் தள்ளினால் கில்லட்டின் (கழுத்தை நெரிக்கும் பிடி). ஒரே அசைவில் மூன்று வாசல்.

எதை எடுப்பது? நோ-கி (கி அணியாமல் ஆடுவது) என்றால் ஹிப் பம்ப், தயங்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் தகர ஷெட்டுக்குள் இரண்டாவது ரவுண்டிலேயே கை வழுக்கும். காலரும் இல்லாமல் கத்தரிக்குப் பாரம் ஏற்றுவது புதியவரால் ஆகாது. கி அணிந்து பழகுகிறவர்கள் இரண்டையும் ஜோடியாகப் பழகலாம். எதிராளி முன்னால் சாய்ந்தால் கத்தரி, பின்னால் உட்கார்ந்தால் ஹிப் பம்ப். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த கி மறுநாளைக்குள் காயாது. ஈரக் கியில் புண்ணும் படையும் வரும். இரண்டாவது கி வாங்க முடியாதவர்கள் அந்த இரண்டு மாதம் நோ-கியில் இருப்பதே நல்லது.

முட்டி வெட்டா, டொரியாண்டோவா?

பாஸ் பக்கம் வந்தால் போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

டொரியாண்டோவில் இரண்டு முட்டிப் பக்கத்துப் பேன்ட்டையும் பிடித்து (நோ-கியில் முட்டிக்குக் கீழே முன்னங்காலை அமுக்கி), கால்களை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கமாக நடந்து தோளை அவர் இடுப்பில் இறக்க வேண்டும். கற்க எளிது, வேகமானது, கபடிக்காரர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதுதான் ஆபத்தும். கால்களை வீசிவிட்டு ஓடுகிறார்கள். கீழே இருப்பவர் இடுப்பைத் திருப்பி மறுபடி எதிரே வந்துவிடுகிறார். கால்களை வீசக் கூடாது, தரையோடு அழுத்த வேண்டும். தோள் இறங்கும்வரை ஒரு கையாவது பிடியை விடக் கூடாது. 5 நிமிட வெள்ளை பெல்ட் (புதியவர்) ஆட்டத்தில் நாலு முறை இப்படிச் சுற்றி ஓடித் தவறினால் ஐந்தாவதுக்கு மூச்சு இருக்காது.

முட்டி வெட்டு மெதுவானது, ஆனால் ஒட்டிக்கொண்டே போவதால் வியர்வை அதைக் கெடுக்காது. வலது முட்டி அவர் கால்களுக்கு நடுவே நுழைந்து, அவரது வலது தொடையைக் குறுக்கே வெட்டித் தரையைத் தொட வேண்டும். அதே நேரம் வலது கை அவரது இடது அக்குளுக்குள், இடது கை அவரது வலது கையைப் பிடித்து மேலே இழுத்தபடி. அக்குள்பிடி இல்லாமல் முட்டியை மட்டும் ஓட்டினால், அவருடைய இடது கை உங்கள் அக்குளுக்குள் புகுந்து முதுகுக்கு வந்துவிடும். அவர் முன்னங்காலைக் குறுக்கே வைத்துத் தடுத்தால் முட்டியை மேலும் குத்தாதீர்கள். எழுந்து, அந்த முன்னங்காலையே பிடித்து டொரியாண்டோவுக்கு மாறுங்கள். அவர் அதற்காகத் திரும்பும்போது முட்டி வெட்டுக்கு வழி மறுபடி திறக்கும்.

ஆகவே முட்டி வெட்டை முதுகெலும்பாகவும் டொரியாண்டோவை அதன் துணையாகவும் வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. தொடை கனத்த, உயரம் குறைந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நீண்ட கால் உள்ளவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: கோத்துப் போடும் ஜிக்சா மேட் பல இடங்களில் இணைப்பில் விலகி நிற்கும். முட்டி வெட்டில் பின்கால் விரலைத் தரையில் இழுத்துக்கொண்டே போவதால் அந்த இடுக்கில் விரல் மாட்டும். வகுப்புக்கு முன்னால் இணைப்புகளை மிதித்துச் சேர்த்து, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். நனைந்த இடத்தை ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவே துடைக்க ஒருவரை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழகும் முறையில் ஸ்வீப், பாஸ் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. எதிர்ப்பு இல்லாமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து முறை. பிறகு க்ளோஸ்ட் கார்டிலிருந்து தொடங்கி 3 நிமிட ரவுண்டு. கீழே இருப்பவர் புரட்டினாலோ மேலே இருப்பவர் தாண்டினாலோ நிறுத்தி, இடம் மாறி மறுபடி தொடங்குங்கள். மேலே இருப்பவர் உட்கார்ந்தே பூட்டைப் பிரிக்கப் பார்க்கிறாரா, எழுந்து நின்று பிரிக்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நின்று பிரிப்பவரிடம் இந்த இரண்டு ஸ்வீப்பும் செல்லாது. அவர் எழும்போதே கணுக்கால் இரண்டையும் பிடித்து, முட்டிகளால் வயிற்றைத் தள்ளிப் பின்னால் சாய்க்க வேண்டும்.