ஹீட்டர் மாற்ற வந்தவர் பிரேக்கரையும் மாற்றிவிட்டுப் போனார்: கவனமாக இருங்கள்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்களுடையது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மூவறை வீடு. அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. இரண்டு வேளையும் வெந்நீரில் குளித்தால்தான் காலை மடக்கி நடக்க முடிகிறது. அதனால் குளியலறை ஹீட்டர் திடீரென்று வேலை செய்யாமல் போனதும் அவசரப்பட்டுவிட்டேன். இணையத்தில் பார்த்த விளம்பரம், பொருத்துக்கூலியும் சேர்த்து 168 வெள்ளி. அன்று மாலையே ஆள் வந்தார். தமிழர்தான், "அக்கா, அக்கா" என்று மரியாதையாகப் பேசினார். நம்பினேன்.

வந்தவர் பழைய ஹீட்டரைப் பார்த்துவிட்டு, "இது 3.3 கிலோவாட்தான், பத்தவே பத்தாது. அம்மாவுக்கு நல்லா சூடா வேணும்னா 6 கிலோவாட் போட்டுடலாம்" என்றார். 420 வெள்ளி. வண்டியிலேயே வைத்திருந்தார். அம்மாவுக்கென்று சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஏறக்குறைய 28 டிகிரியில் வருகிறது. நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் ஓடும் தண்ணீரை 3.3 கிலோவாட் ஹீட்டர் இன்னும் 19 டிகிரி உயர்த்தும், அதாவது 47 டிகிரி. குளிக்க 40 போதும். பனிக்காலத்தில் பத்து டிகிரிக்கும் கீழே தண்ணீர் வரும் இங்கிலாந்து போன்ற நாடுகளில்தான் எட்டு, ஒன்பது கிலோவாட் ஷவர் ஹீட்டர்கள் தேவைப்படுகின்றன. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததெல்லாம் பிறகுதான்.

பொருத்திய முதல் வாரத்திலேயே தொல்லை. மாலையில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் டிபி பெட்டியில், அதாவது வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், ஹீட்டருக்கான பிரேக்கர் விழுந்து மின்சாரம் தானாக நின்றுவிடும். கூப்பிட்டேன், வந்தார். "பிரேக்கர் பழசு, வீக் ஆயிடுச்சு" என்று சொல்லி, ஐந்தே நிமிடத்தில் வேறொன்றை மாட்டிவிட்டு 60 வெள்ளி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒருமுறைகூட விழவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, அம்மா குளித்துவிட்டு வந்ததும் குளியலறைக்கு வெளியே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஹீட்டர் சுவிட்சின் வெள்ளை மூடி ஒரு பக்கம் பழுப்பாகி, தொட்டால் கையைச் சுட்டது. உடனே மெயின் சுவிட்சை அணைத்தேன். பக்கத்து புளோக் அக்கா அவர்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் உரிமம் பெற்ற மின்பணியாளரை அனுப்பிவைத்தார்.

அவர் டிபி பெட்டியைத் திறந்ததும் முதலில் காட்டியது பிரேக்கரில் இருந்த எண்ணை. முன்பு 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 32. நம் 230 வோல்ட் மின்சாரத்தில் 6 கிலோவாட் ஹீட்டர் 26 ஆம்பியர் இழுக்கும். பழைய ஹீட்டர் இழுத்தது 14 சொச்சம். சுவருக்குள் ஓடும் வயரும் குளியலறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சும் 20 ஆம்பியருக்கு ஏற்றவை. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் பிரேக்கர் விழுந்து வயரைக் காப்பாற்ற வேண்டும். எங்கள் பழைய பிரேக்கர் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, வயர் வெந்தாலும் விழாத ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் அந்த மனிதர். சுவிட்சுக்குள் வயரின் உறை விறைத்துப்போய், விரலால் வளைத்ததும் வெடித்தது. எனக்குக் கை நடுங்கியது. அம்மா தினமும் இரண்டு முறை அந்தச் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதே பெட்டியில் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சாதனமும் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று மின்பணியாளரிடம் கேட்டேன். அது மின்கசிவுக்கு மட்டும்தானாம். சிங்கப்பூரில் எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று 2023 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் வயர் அளவுக்கு மீறிச் சுமப்பதை அது பார்க்காது. இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது, உங்களில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

வயர், சுவிட்ச், பிரேக்கர், மறுபடியும் ஒரு 3.3 கிலோவாட் ஹீட்டர் என்று இன்னொரு 390 வெள்ளி போனது. முதலாமவரின் தொலைபேசி இப்போது ஒலிப்பதே இல்லை. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் கோரலாம். ஆனால் யார்மீது கோருவது? என்னிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் எண்ணும், பேநவ் வழியாகப் பணம் அனுப்பியபோது தெரிந்த பெயரும் மட்டும்தான். ரசீது இல்லை, நிறுவனத்தின் பதிவு எண் இல்லை. உரிமம் இருப்பதாகச் சொல்லி ஓர் அட்டையைத் தூரத்திலிருந்து காட்டினார், நான் வாங்கிப் பார்க்கவில்லை. மின்பணியாளர்களுக்கு உரிமம் வழங்கும் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரையோ உரிம எண்ணையோ போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்புறம் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் கொடுத்தேன், கருகிய சுவிட்சையும் 32 ஆம்பியர் பிரேக்கரையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதை. உங்கள் வீட்டு ஹீட்டர் பிரேக்கரில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். பாதுகாப்பு முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஹீட்டரில் அது இருந்தது, ஹீட்டரில் குறையே இல்லை, பொருத்திய விதத்தில்தான் ஆபத்து.

யாராவது வந்து "பிரேக்கர் வீக்" என்று சொல்லி உங்கள் வீட்டிலும் அண்மையில் மாற்றியிருந்தால், இன்று இரவே டிபி பெட்டியின் மூடியைத் திறந்து ஹீட்டர் பிரேக்கரைப் பாருங்கள். முன்பு 20 இருந்த இடத்தில் 32 இருந்தால், அதை அணைத்துவிடுங்கள். உரிமம் உள்ளவர் வந்து பார்க்கும்வரை குளிக்க அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம். நாங்களும் ஐந்து நாள் அப்படித்தான் வைத்தோம்.