“5 வாட் நேரடியாகக் கொடுக்கலாம்” என்று விற்கப்படும் 144 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்வெர்ட்டர்: வாங்கும்முன் படியுங்கள்

ஹெச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான) டிரான்ஸ்சீவரை, அதாவது ஒலிபரப்பவும் கேட்கவும் உதவும் கருவியை, வைத்துக்கொண்டு 2 மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசைக்கு வர விரும்பி, அதன் 28 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை 144-க்கும், கேட்கும்போது 144-ஐ 28-க்கும் மாற்றும் டிரான்ஸ்வெர்ட்டரை ஆயத்தமாக வாங்க எண்ணியிருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் டிரான்ஸ்சீவரில் டிரான்ஸ்வெர்ட்டருக்கென்று 1 மில்லிவாட் அளவில் சிக்னல் தரும் தனி இணைப்பு கிடையாது. ஆன்டெனா இணைப்பில் வரும் திறனை எவ்வளவு குறைத்தாலும் அது 5 வாட்டுக்குக் கீழே இறங்காது. ஆகவே, பணம் செலுத்தும்முன் விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளை எழுத்திலேயே கேட்டேன். 5 வாட்டை அப்படியே கொடுக்கலாமா? கேட்பிலிருந்து ஒலிபரப்புக்கு மாற்றும் ரிலே (மின்காந்த ஸ்விட்ச்) உள்ளே மாறி முடிவதற்குள் டிரான்ஸ்சீவரின் சிக்னல் வந்துவிட்டால், அலைவரிசையை மாற்றும் பகுதியான மிக்ஸருக்கு என்ன பாதுகாப்பு? முதல் கேள்விக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றும், இரண்டாவதற்கு, ரிலே மாறிய பிறகே சிக்னல் வரும்படி வரிசைப்படுத்தும் சீக்வென்சர் உள்ளேயே இருப்பதால் கவலை வேண்டாம் என்றும் பதில் வந்தது. டிரான்ஸ்சீவரின் ஒலிபரப்பைத் தடுத்து நிறுத்தும் கம்பி ஒன்று வெளியே போகாவிட்டால், பெட்டிக்குள் எந்த சீக்வென்சர் இருந்தும் பயனில்லை என்பது எனக்கே தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

முதல் இரண்டு நாள்கள் குறை சொல்ல எதுவும் இல்லை. எஸ்எஸ்பியில் (பேசி ஒலிபரப்பும் முறையில்) 8 வாட் வரை வெளிவந்தது. மூன்றாம் நாள், மோர்ஸ் சாவியை முதன்முறையாகத் தொட்டேன். ஒரே ஒரு புள்ளிதான் போயிருக்கும். பவர் மீட்டரின் முள் ஒருமுறை துள்ளிக் கீழே விழுந்தது, அத்துடன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சலும் அடங்கிவிட்டது. ஒலிபரப்பு, கேட்பு இரண்டும் ஒரே நொடியில் போனதால், இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் டையோடு மிக்ஸர்தான் போயிருக்க வேண்டும் என்று உடனே புரிந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. சீக்வென்சர் என்று சொல்லப்பட்டது, ரிலேயை இழுக்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் மட்டுமே. அந்த ரிலே ஓய்வில் இருக்கும்போது 28 மெகாஹெர்ட்ஸ் இணைப்பு நேராகக் கேட்பு வழியில், அதாவது மிக்ஸரின் வாசலில், போய் நிற்கிறது. எஸ்எஸ்பியில் பிடிடியை (மைக்கின் பேச்சுப் பொத்தானை) அழுத்தி, மூச்சு இழுத்துப் பேசத் தொடங்குவதற்குள் ரிலே மாறிவிடுவதால் தப்பித்து வந்திருக்கிறேன். மோர்ஸில் சாவி தொட்ட சில மில்லிவிநாடிகளிலேயே சிக்னல் வந்துவிடும். ரிலே மாறுவதற்கோ ஏறக்குறைய 10 மில்லிவிநாடிகள் ஆகும். இந்த வகைச் சிறு மிக்ஸர்கள் தாங்குவது 50 மில்லிவாட் அளவுதான் என்னும்போது, 5 வாட் என்பது நூறு மடங்கு. போதாததற்கு, திறனைக் குறைத்து வைத்திருந்தாலும் பல டிரான்ஸ்சீவர்கள் ஒலிபரப்பின் தொடக்கத்தில் ஒரு கணம் அதற்கு மேல் துள்ளவே செய்கின்றன. ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைப்பு, திறனைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பக்கம் நிற்கும்படி அமைத்திருந்தால் இந்த மிக்ஸர் பிழைத்திருக்கும். அதற்குக் கூடுதல் உதிரிபாகம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

அட்டெனுவேட்டரும் அதே லட்சணம்தான். 5 வாட்டை 1 மில்லிவாட்டாக்க 37 டெசிபெல் குறைக்க வேண்டும். அதில் ஏறக்குறைய முழு வெப்பமும் முதல் ரெசிஸ்டரிலேயே இறங்கும். அந்த இடத்தில் கால் வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதைச் சுற்றிலும் போர்டு தேநீர்க் கறைபோலப் பழுத்திருந்தது.

விற்பனையாளருக்குப் படங்களுடன் எழுதியதற்கு, நான் 100 வாட் கொடுத்திருப்பேன் என்றும், மூடியைத் திறந்ததால் உத்தரவாதம் செல்லாது என்றும் பதில் வந்தது. திறக்காமல் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

புதிய மிக்ஸர் பொருத்தி, வெளியே முறையான லோடும் அட்டெனுவேட்டரும் வைத்து, ரிலேயின் இணைப்பைத் திருப்பிப் போட்டபின், ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஒருமுறை பார்த்தேன். தேவையற்ற அலைகள் 60 டெசிபெல் கீழே இருக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. 28-ஐ 144 ஆக்க உள்ளே ஓடும் 116 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரின் கசிவோ 10 வாட்டுக்கு 32 டெசிபெல் கீழேதான், அதாவது 6 மில்லிவாட்டுக்கும் மேலாக, நின்றது. 108 முதல் 117.975 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளின் அலைவரிசை என்பதால், மிக்ஸர் எரிந்ததைவிட இதுதான் என்னை அதிகம் கலங்க வைத்தது. அந்த இரண்டு நாள்களும் இதை நான் ஆன்டெனாவில் அல்லவா விட்டிருக்கிறேன்.

இதே பெட்டியை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், தயவுசெய்து சாவியைத் தொடும்முன் மூடியைத் திறந்து, ரிலே ஓய்வில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மல்ட்டிமீட்டரால் பாருங்கள். 116 மெகாஹெர்ட்ஸை அடக்கும் ஃபில்டரைக் கட்டி முடித்து, மீண்டும் அளந்து பார்க்கும்வரை என்னுடையது, ஆன்டெனாவுக்குப் பதில் திறனை வெப்பமாக்கிவிடும் டம்மி லோடில்தான் இருக்கும். விளம்பரத்தில் அந்த 5 வாட் வரி இன்னும் அப்படியே இருக்கிறது.