பாமினியில் தட்டுபவருக்கு எந்தத் தட்டை விசைப்பலகை?

கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு வேலை செய்கிறேன். பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் நோட்டீஸ், இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவு நூல் என்று வருவதில் பெரும்பங்கு பாமினி எழுத்துருவில்தான் போகும். எனக்கு வேலை தரும் அச்சகங்கள் இன்னும் அதைத்தான் கேட்கின்றன. என்னிடம் இருப்பது கீக்ரோன் நிறுவனத்தின் கே3 என்ற தட்டை விசைப்பலகை. சோளகக் காற்றும் மாரி மழையும் பார்த்துவிட்ட பலகை.

இந்த வகை வயர்லெஸ் மெக்கானிக்கல் பலகைகளைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் விசைக்கு அடியில் இருக்கும் சுவிச்சின் நிறத்தில் தொடங்குகிறார்கள்; அழுத்தும் உணர்வும் சத்தமும் நிறத்துக்கு நிறம் வேறு. சிவப்பா, பிரவுனா, நீலமா என்பதெல்லாம் பிறகு. தமிழ் தட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது இடது மேல் மூலையை.

பாமினியில் 1க்கு இடப்பக்க விசைதான் ‘ஹ’. ஷிப்டுடன் அழுத்தினால் ‘ஷ’. கே3, நியூஃபை நிறுவனத்தின் எயார்75 போன்ற, முழுப் பலகையைவிடச் சிறிய 75 வீதப் பலகைகளில் 84 விசைகள். எஃப்1, எஃப்2 என்று போகும் மேல் வரிசை தனியாக இருப்பதால் அந்த விசை தன் இடத்திலேயே இருக்கிறது. அந்த வரிசை இல்லாத, இன்னும் சிறிய 60, 65 வீதப் பலகைகளில் பெரும்பாலும் எஸ்கேப் விசை அங்கே வந்து குந்திவிடும். பிறகு ‘ஹ’வுக்கு எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், ‘ஷ’வுக்கு ஷிப்டும் கூட. நண்பர் ஒருவரின் 65 வீதப் பலகையை இரவல் வாங்கி ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தட்டிப் பார்த்தேன். நிரோஷன், டிலக்ஷன், அபிஷா, ஹர்ஷிகா… இக்காலத்துப் பிள்ளைகளின் பெயர்களில் ‘ஷ’ இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டியல் முடிவதற்குள் இடது கை சோர்ந்துவிட்டது. பலகை கைப்பைக்குள் அடங்கும், அழகாகவும் இருக்கும்; எனக்கு உதவாது.

சுவிச்சுக்கு வருவோம். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் குற்று அரைப்புள்ளி (;) விசையில் இருக்கிறது. ம், ல், ன் என்று வரிக்கு வரி வலது சின்னவிரல் அங்கே ஓட வேண்டும். அதனால் என் தெரிவு சிவப்பு: தடையில்லாமல் இறங்கும், சத்தமும் குறைவு. ‘டிக் டிக்’ என்று சத்தமிடும் நீலத்தை இரவு வேலைக்காரர் மறந்துவிடலாம், அடுத்த அறையில் அம்மா நித்திரை கொள்ள வேண்டுமே. சாதாரண மெக்கானிக்கல் விசை 4 மி.மீ. இறங்கும், இந்தத் தட்டை வகைகளில் 2.5 முதல் 3.2 வரை. பழகச் சில நாள் எடுக்கும். ஆனால் மணிக்கட்டை உயர்த்தி வைக்கத் தேவையில்லை. உயரமான சாப்பாட்டு மேசையும் தாழ்ந்த பிளாஸ்டிக் கதிரையும்தான் அலுவலகம் என்றால் இதன் அருமை தெரியும்.

சோளகம் தொடங்கினால் கிரவல் வீதிப் புழுதி பூட்டிய ஜன்னலுக்குள்ளும் வரும். விசைகள் சட்டத்துக்கு மேலே எழும்பி நிற்பதால் பலகையைச் சரித்துப் பிடித்து, பெயின்ட் தூரிகையால் வரிசை வரிசையாகத் தட்டினால் செம்மண் உதிர்ந்துவிடுகிறது.

பற்றரி 1550 மில்லி அம்பியர் மணி. பின்னொளியை அணைத்து வைத்தால் மின்வெட்டுக்குக் கவலையில்லை. எரியவிட்டால் அடிக்கடி சார்ஜ் கேட்கும். விசையைப் பார்க்காமல் தட்டுபவருக்கு வெளிச்சம் எதற்கு? புளூடூத் பலகை எதுவும் தூங்கி எழும்போது முதல் எழுத்தைச் சிலவேளை விழுங்கும். அது பொறுக்காதவர்கள் கணினியில் செருகும் 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிள் உள்ள எயார்75ஐப் பார்க்கலாம். கே3இல் அந்த வசதி இல்லை. கே3 மாக்ஸில் இருக்கிறது.

பழுதுபார்க்க இங்கே ஆளில்லை. ஆகவே சுவிச்சைக் கழற்றி மாற்றக்கூடிய பதிப்பையே எடுங்கள். தட்டை சுவிச்சுகள் ஒன்றுக்கொன்று பொருந்தா: கேட்டரோன் நிறுவனத்தினுடையது கைல் நிறுவனத்தின் சொக் வகைக்கான துளையில் இறங்காது, ஒளியால் அழுத்தத்தை உணரும் ஒப்டிக்கல் வகை தனி இனம். வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் பலகைக்குச் சொல்லும்போதே அதற்கேற்ற சுவிச் பத்தும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். லண்டன் சித்தப்பா என்றால் அமெரிக்க விசையமைப்புத்தான் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே விற்பவை பலவற்றில் என்டர் விசையின் வடிவமும் சில குறிகளின் இடமும் வேறு.