‘லேடீஸுக்கு இதுதான்’ என்று என் தலையில் கட்டிய ரிவால்வர்

ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், கைத்துப்பாக்கி வாங்கும் யோசனை இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர் போனது. அதைவிட, உயிர் சம்பந்தப்பட்ட சாமானை இவ்வளவு பொறுப்பில்லாமல் விற்றார்களே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் நடத்துவது சின்ன மளிகைக் கடை. ராத்திரி ஒன்பதரைக்கு நான்தான் பூட்டிவிட்டுக் கல்லாப் பணத்தோடு காருக்கு நடப்பேன். போன வருடம் அதே வரிசையில் இருக்கும் லாண்டரிக் கடைக்காரரைத் துப்பாக்கி முனையில் மிரட்டிப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக்காரர் தினமும் இதே பேச்சு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது ஆகி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். சரி, வாங்கிவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை மதியம் போனோம்.

கடைக்காரர் என் கையைக்கூடப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார். "லேடீஸுக்கு ரிவால்வர்தான். பிஸ்டல் என்றால் ஸ்லைடை இழுக்க அவங்க கையில் பலம் இருக்காது. ரிவால்வர் ஜாமே ஆகாது, எடுத்தோம் சுட்டோம்." (ரிவால்வரில் தோட்டா சுற்றுகிற சிலிண்டருக்குள் இருக்கும். பிஸ்டலில் பிடிக்குள் அடுக்கியிருக்கும், மேலே இருக்கும் ஸ்லைடு என்ற பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும்.) சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஐந்து தோட்டா போடுகிற ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 357 மேக்னம் என்ற பலமான தோட்டா போடுவது, எடை 12 அவுன்ஸ்கூட இல்லை. பொம்மை மாதிரி இருந்தது, அதிலேயே நான் விழுந்துவிட்டேன். கூடவே துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை வைத்துத் தைத்த ஒரு கைப்பை, இரண்டு பெட்டி தோட்டா, மறுநாள் அவர்கள் கடையிலேயே லைசென்ஸ் வகுப்பு (லைசென்ஸ் கட்டாயமில்லை, வேண்டுமென்றால் எடுக்கலாம்). துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பினேன், பின்புலச் சோதனை சில நிமிடத்தில் முடிந்தது, பில் போட்டாயிற்று. விசையை (ட்ரிகரை) ஒருமுறை இழுத்துப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வகுப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என்னை அதிகம் ஏமாற்றியது அதுதான். டெக்சாஸ் லைசென்ஸுக்குச் சுடும் பரீட்சை 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் பாஸ். என் ரிவால்வரை எடுத்தபோது வகுப்பு எடுத்தவர், "அந்தத் தோட்டா விலை அதிகம், வீணாக்காதீர்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று ரேஞ்சிலிருந்த (சுட்டுப் பழகும் இடம்) கனமான இரும்பு 9 எம்எம் பிஸ்டலைக் கொடுத்தார். அதில் 228 எடுத்தேன். கை தட்டினார்கள். எனக்குச் சுடத் தெரியும் என்ற நம்பிக்கையோடு, ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காத ரிவால்வரைப் பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் கடைக்குப் போய் வந்தேன்.

அப்புறம் தோழி ஒருத்தி வேறொரு ரேஞ்சுக்குக் கூட்டிப்போனாள். முதல் வெடியிலேயே கட்டைவிரல் இடுக்கில் யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. எடை குறைந்தால் உதைப்பை வாங்கிக்கொள்ள உங்கள் கையைத் தவிர வேறொன்றும் இல்லை, விஷயம் அவ்வளவுதான். துப்பாக்கியின் எடை முக்கால் பவுண்டு, இந்த மாதிரி ரிவால்வரில் விசையை முழுக்க இழுக்க 12 பவுண்டு அளவுக்கு அழுத்தம் வேண்டும். இழுக்க இழுக்க முனை ஆடிக்கொண்டே போகிறது. 7 கஜத்தில் ஐந்து சுட்டதில் காகிதத்தில் பட்டது ஒன்று. அதற்கடுத்த சுற்றில் நாலாவது வெடிக்கு முன்னால் சிலிண்டர் சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. ஜாமே ஆகாது என்று சொன்னார்களே, அதே ரிவால்வர்.

அந்த ரேஞ்சில் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வந்து பார்த்தவர் முனையை இலக்குப் பக்கமே வைத்திருக்கச் சொல்லி, பொறுமையாகத் திறந்து காட்டினார். இவ்வளவு லேசான துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது, இன்னும் சுடாமல் உள்ளே இருக்கும் தோட்டாக்களில் குண்டு பித்தளைக் கூட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வருமாம். என்னுடைய 158 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டாவில் அப்படித்தான் ஒன்று நீட்டிக்கொண்டு சிலிண்டரை மறித்திருந்தது. இன்னொரு பெட்டியை வாங்கிப் பார்த்தார், 110 கிரெயின். ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியின் குழலைத் திருப்பிக் காட்டினார். 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று குழலிலேயே பொறித்திருக்கிறது! செய்த கம்பெனி எழுதிவைத்துத்தான் இருக்கிறது, துப்பாக்கி மேல் குறை இல்லை. தன் கையால் விற்ற பொருளில் எழுதியிருப்பதைப் படிக்காதவர்தான் எனக்கு ஆலோசனை சொன்னவர். இதே ரிவால்வரில் உதைப்பு குறைவான 38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம் என்பதையும் இந்த அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கி கை மாறிய நிமிடமே அது பழைய சாமான், விற்றது விற்றதுதான் என்றார்கள். பில்லின் அடியிலும் பொடி எழுத்தில் அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் 400 டாலர் தருகிறோம் என்றார்கள். அதே கடைக்காரர், வீட்டில் ரப்பர் பந்தை அழுத்திப் பழகுங்கள், கை பலமாகிவிடும் என்றார்.

இதை எழுத உட்கார்ந்ததே கைப்பை விஷயத்துக்காகத்தான். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் குடும்பத்தில் நாலு வயதுப் பையன் ஒருவன், என் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக்கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். ஒரு நாள் நான் பருப்பு அளந்துகொண்டிருந்தபோது கல்லாவுக்குப் பின்னால் வந்து, அவனாகவே அந்தப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். பையில் துப்பாக்கி அறைக்குப் பக்கத்து அறையைத்தான் திறந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன், அன்று முழுக்கக் கை நடுங்கியது. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில், வால்மார்ட்டுக்குள் இரண்டு வயதுக் குழந்தை தாயின் பையிலிருந்த துப்பாக்கியை எடுத்துவிட, வெடித்துத் தாய் இறந்துபோனாள். அதுவும் இப்படி மறைத்து வைக்கவென்றே தைத்த பைதான். எனக்கு அந்தப் பையை விற்றவர் குழந்தைகள் வரும் இடமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருடன் முதலில் பிடுங்குவதும் பையைத்தான். துப்பாக்கி உடம்போடு இருக்க வேண்டும், விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டிக்குள். சுடிதாருக்கு பெல்ட் இல்லையே என்று யோசிப்பீர்கள். இடுப்பில் துணிக்கு உள்ளே கட்டும் பட்டியில் கெட்டி உறையோடு வருவது இருக்கிறது, நான் இப்போது அதைத்தான் கட்டுகிறேன்.

இன்னொன்று, நம்மவர்களுக்காக. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம், 15 வருடம் வரை சிறை. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் இதில் சேரும். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதை வக்கீலிடம் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். அதே கடையில் நம் ஊர்ப் பையன் ஒருவனிடம், "கிரீன் கார்டு இருக்கும் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்" என்று விற்பவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்குவது தனிக் குற்றம், இரண்டு பேரும் மாட்டுவார்கள்.

அந்த அம்மா எனக்கு ஒரு மாலை முழுக்க நாலு துப்பாக்கிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார். பெண்களுக்கு ஸ்லைடு இழுக்க வராது என்பது சும்மா பேச்சு. இடது உள்ளங்கையால் ஸ்லைடை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ரொம்பக் குட்டிப் பிஸ்டல்களில் ஸ்லைடு சின்னது, அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும், அதுதான் கஷ்டம். சிக் சாவர் கம்பெனியின் பி365 பிஸ்டல் நன்றாகவே இருந்தது, பிடிக்குள் 10 தோட்டா, குழலில் ஒன்று. கடைசியில் நான் எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் 380 ஷீல்டு ஈஸி பிஸ்டல், 380 என்பது அது சுடும் தோட்டாவின் வகை. எடை பதினெட்டரை அவுன்ஸ், ஸ்லைடு லேசாக வருகிறது, பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சுடும். 380 கொஞ்சம் பலம் குறைந்த தோட்டாதான், அவரும் மறைக்காமல் சொன்னார். ஆனால் 7 கஜத்தில் ஐந்தும் ஒரு தட்டு அகலத்துக்குள் விழுந்தன. 200 தோட்டா தடங்கல் இல்லாமல் சுட்ட பிறகுதான் இடுப்பில் கட்டினேன், அதில் ஒரு பெட்டி, தினமும் போட்டுக்கொள்ளப்போகிற அதே தோட்டா.

பழைய ரிவால்வர் பெட்டகத்தில் கிடக்கிறது, 400க்குக் கொடுக்க மனமில்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ள பெண்கள் யாராவது ஹூஸ்டனில் வாங்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், மாதத்தில் இரண்டு ஞாயிறு ரேஞ்சுக்குப் போகிறேன், அதையும் எடுத்து வருகிறேன். ஐந்தே ஐந்து தோட்டா சுட்டுப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போகலாம்.