விசைப்படகில் டீசல் மீட்டர்: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்தது

2023 மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையேறி நின்றபோது, எஞ்சின் எரிக்கும் டீசலை அளக்கும் மீட்டர் மாட்டினேன். தூத்துக்குடி விசைப்படகு, 6 சிலிண்டர் எஞ்சின், 180 குதிரைசக்தி. காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டிய தொழில். ஒரு நாளைக்கு 250 முதல் 280 லிட்டர் டீசல் குடிக்கும்.

ஏன் மாட்டினேன் என்பதை மறைப்பானேன், டிரைவர் மேல் சந்தேகம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகுதான் மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்போம். டீசல் கணக்கு உதைத்தால் படகில் எல்லார் முகமும் மாறிவிடும். மீட்டருக்கு ஆன செலவு இரண்டு நாள் டீசல் காசுக்கும் மேலே. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. என் தொல்லைகளில் பாதிக்கு மேல் மாட்டிய விதத்தால் வந்தவை.

படகின் பின்னால் மாட்டும் பெட்ரோல் எஞ்சின் (அவுட்போர்டு) என்றால் பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு சென்சார் போதும். உள்ளே குட்டிச் சக்கரம் சுற்றும், சுற்றை எண்ணி லிட்டராக்கும், அவ்வளவுதான். டீசல் எஞ்சின் அப்படி இல்லை. தேவைக்கு மேல் இழுத்து, மிச்சத்தை டாங்கிக்கே திருப்பி அனுப்பும். அதனால் போகிற குழாயில் ஒன்று, திரும்புகிற குழாயில் ஒன்று என இரண்டு சென்சார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எரிந்த டீசல்.

இந்தக் கழித்தலில்தான் வில்லங்கம். என் எஞ்சினில் மடி (இழுவலை) இழுக்கும்போது மணிக்கு 80 லிட்டர் போய் 58 திரும்புகிறது, எரிவது 22. இரண்டு சென்சாரும் ஆளுக்கு 1 சதவீதம் எதிரெதிராகப் பிசகினால், எரிந்த கணக்கில் 6 சதவீதம் போய்விடும். சும்மா ஐட்லிங்கில் நிற்கும்போது எரிவதே இரண்டு மூன்று லிட்டர்தான். அப்போது காட்டும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, திரும்பும் டீசல் சூடாக இருக்கும். 25 டிகிரி சூடு ஏறினால் டீசல் சுமார் 2 சதவீதம் உப்பிவிடும். மீட்டர் அதையும் லிட்டராகவே எண்ணும், எரிந்தது குறைச்சல் என்று காட்டும். வெப்பத்துக்கு ஈடு செய்யும் மாடல்கள் இருக்கின்றன, என்னுடையது அப்படி இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஜூன் 15-க்குப் பிறகு தொழில் தொடங்கியது. முதல் வாரமே மீட்டர், நாங்கள் பங்குக் கணக்கில் எழுதிய டீசலை விட நாளுக்கு 20 லிட்டர் கூடுதலாக எரிந்ததாகக் காட்டியது. டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “முதலாளி, தினமும் நான் கைக்காசுல 20 லிட்டர் போட்டு ஓட்டுறேன்னுல்ல சொல்லுது உங்க மீட்டர்!” எனக்கு முகம் செத்துவிட்டது.

காரணம் கண்டுபிடிக்க மூன்று வாரம். என் எஞ்சினில் திரும்பும் குழாய் ஒன்றல்ல, இரண்டு. பம்பிலிருந்து வழிவது ஒன்று, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களிலிருந்து கசிந்து திரும்பும் சின்னக் குழாய் இன்னொன்று. மாட்டியவர் முதலாவதை மட்டும் சென்சார் வழியாக விட்டிருந்தார். சின்னது நேராக டாங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது, அதில் போவதை மீட்டர் எரிந்த கணக்கில் எழுதியது. அந்தக் குழாயைக் கழற்றி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் விட்டு, 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1500 சுற்று) செல்போனில் நேரம் பார்த்தோம். 10 நிமிடத்தில் கால் லிட்டருக்கும் கொஞ்சம் மேலே. மணிக்கு 1.7 லிட்டர், 12 மணி நேரத்துக்கு 20. கணக்கு அச்சாகப் பொருந்தியது. அவ்வளவு கசிவதே நல்லதில்லை என்று இன்ஜெக்டர் முனையில் உள்ள நாசில்களையும் கழற்றிப் பார்த்தோம். தேய்ந்திருந்தன, மாற்றினோம். இரண்டு குழாயையும் ஒன்றாக இணைத்து அப்புறம் சென்சாருக்கு விட்டதும் அந்தப் பேய் ஓடியது.

அடுத்தது காற்று. காலையில் ஸ்டார்ட் எடுக்க மக்கர், ஓடும்போது மீட்டர் எண் 18, 31, 24 என்று குதிக்கும். எங்கேயும் சொட்டு டீசல் ஒழுகவில்லை. ஒழுகாதுதான்! பம்புக்கு முன்னால் உள்ள குழாய் உறிஞ்சுகிற பக்கம், அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சென்சாருக்குப் பிறகு ஒரு சாண் கண்ணாடிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டோம். உள்ளே சோடா மாதிரி குமிழி. மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்தான் குற்றவாளி. இறுக்கமாகவும் பிடிக்கவில்லை, பிய்ந்த நூல் ஒன்று உள்ளே போய்ச் சக்கரத்திலும் சுற்றியிருந்தது. டேப்பைத் தூக்கி எறிந்து, டீசல் தாங்கும் பசை போட்டோம். சென்சாரைத் தண்ணீர் பிரிக்கும் பில்டருக்குப் பிறகு மாற்றியதையும் சொல்ல வேண்டும். பழைய டாங்கி, அடியில் எத்தனை வருஷச் சகதியோ.

ஒயரிங்கில் பெரிதாக எதுவும் இல்லை. உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சைக் களிம்பு பிடித்து ஒருமுறை திரை அணைந்தது. வெட்டி, ஈயம் வைத்து, கிரீஸ் பூசியதோடு சரி.

அளவு சரிசெய்ய டாங்கியைக் கழுத்து வரை நிரப்பி, தொழில் முடிந்து மறுபடி அதே குறி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். மீட்டர் 268 சொன்னது, போட்டது 251. அந்த விகிதத்தில் குறைத்தேன். ஒரே நாள் கணக்கை நம்பாதீர்கள். மீன் இறக்குமுன் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் படகில் குறியே தப்பு. நான் ஐந்து முறை பார்த்தேன். இப்போது 2 சதவீதத்துக்குள் நிற்கிறது.

பலன்? கரையிலிருந்து 15 கடல் மைல் ஓட்டம் எங்களுக்கு. 1800 ஆர்பிஎம்மில் மணிக்கு 30 லிட்டர், 8 நாட் (மணிக்கு 8 கடல் மைல்) வேகம். 1600-க்கு இறக்கினால் 21 லிட்டர், வேகம் 7-க்குச் சற்று மேலே. 12, 13 நிமிடம் தாமதம், ஒரு ஓட்டத்துக்கு 12 லிட்டர் மிச்சம். இதைச் சொல்லி நம்பவைக்க நான் மெனக்கெடவே இல்லை. திரையைப் பார்த்து டிரைவரே வேகத்தை இறக்கினார். ஏலத்துக்கு முந்தி வர வேண்டிய நாளில் மட்டும் ஏற்றுவார், அது நியாயம்தான்.

சந்தேகப்பட்ட டீசல் எங்கே போனது என்பதும் தெரிந்தது. ஒரு மைலுக்கு 3.7 லிட்டர் என்று ஆரம்பித்தது, எட்டு மாதத்தில் 4.4 ஆகிவிட்டது. அடுத்த தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் கடல் உயிரி), புரொப்பல்லரிலும் கூட. சுரண்டிப் பெயின்ட் அடித்து இறக்கியதும் பழைய எண்ணுக்கே வந்தது. டிரைவரிடம் அன்று சாயங்காலம் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். “தெரியும் முதலாளி” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

இப்போது மீட்டர் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. திரையின் மேல் வரி வெயிலில் மங்கிவிட்டதால், மத்தியானத்தில் கையால் நிழல் கொடுத்துத்தான் எண்ணைப் படிக்கிறார்.